ரொஹானா தமிழ் பேசிய பகல்

“தண்ணி இருந்தா கொஞ்சம் ஊத்து புள்ள. நாக்கு ஒட்டிக்கிச்சு.”

குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசுகிற தோட்டத்துப் பெண்ணின் குரல். தெரிந்த அக்கா யாரோ கூப்பிடுகிறார் என்று நினைத்துத் திரும்பினேன்.

திரும்பிய பிறகுதான் நான் எங்கே நிற்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. ரவாங் போகும் சாலையோரத்து மின்னணுத் தொழிற்சாலையின் பெரிய கூடம் அது. வெள்ளை விளக்கு, வெள்ளைச் சுவர், ஏர்கோனின் ஓயாத உறுமல். மேலங்கி போட்ட மலாய்ப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உருப்பெருக்கிக்குள் கண்ணைப் பதித்திருந்தார்கள். அந்தக் கூடத்தில் அப்போது தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கழுவிய உதிரிபாகத் தட்டுகளைக் கொண்டுவந்து வாசலருகே அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பேசியவள் ரொஹானா. என் தோழி. கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், பிறந்து வளர்ந்த பெண்.

அவள் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் குந்தியிருந்தாள். இடது கை நாற்காலிக் காலைத் தொட்டுக்கொண்டிருக்க, வலது கை சரிவாக இழுத்து இழுத்து இறங்கியது. தோட்டத்தில் பிறந்த எவருக்கும் அந்த அசைவு தெரியும். ரப்பர் மரத்தின் அடிப்பட்டையைச் சீவுகிற அசைவு. அவளுடைய தாடை எதையோ மென்றுகொண்டிருந்தது. வாயில் ஒன்றுமில்லை. கண் இமைக்கவில்லை.

அந்தக் கூடத்தில் பெண்களுக்குப் பேய் பிடிப்பது புதிதல்ல. ஒருத்தி அலறுவாள், உடனே நாலைந்து பேர் சேர்ந்து அலறுவார்கள், இயந்திரங்களை நிறுத்துவார்கள். அன்றைக்கு யாரும் அலறவில்லை. பக்கத்து இருக்கைக்காரிகள் மெல்ல எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார்கள். அந்த அமைதிதான் இன்றைக்கும் எனக்கு உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது.

அதோடு ஒரு வாடை. புளித்த ரப்பர் பால் வாடை. தூசி வரக்கூடாது என்று காற்றையே வடிகட்டி அனுப்புகிற கூடம் அது.

“என் நெரய யாருக்குக் குடுத்தீங்க?” என்று கேட்டாள் ரொஹானா.

யார் எங்கே

நான் அந்தத் தொழிற்சாலைக்குப் போனது எண்பதுகளின் நடுவில். பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத்தில் என் அம்மா மரம் வெட்டிக்கொண்டிருந்தார்; பாலுக்காக ரப்பர் பட்டையைச் சீவுவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அப்பா இல்லை. நான் ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு, முடித்திருந்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அவ்வளவு தூரம் படித்த முதல் பெண் நான்தான் என்று அம்மா கோயிலில் பொங்கல்கூட வைத்தார்.

ஆள் எடுக்கும் அதிகாரி ஹாஷிம், ‘என்சிக்’ என்று மரியாதையாகக் கூப்பிடுவோம், என் சான்றிதழைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

“தோட்டத்துப் பிள்ளையா? கழுவுற அறைக்குப் போ. அங்க பலம் வேணும்.”

மலாய்ப் பெண்களிடம், உங்களுக்கு மெல்லிய விரல், பொறுமை அதிகம் என்று சொல்லி உருப்பெருக்கி முன்னால் உட்கார வைத்தார்கள். முடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் ஒட்டுகிற வேலை. சீனப் பெண்கள் கணக்குப் பிரிவிலும் சோதனை அறையிலும். இயந்திரம் பழுது பார்க்கும் வேலையில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள். பெண் மட்டும் இல்லை. எங்கள் மேற்பார்வையாளர் மிஸ் லிம், தொழிற்சாலை திறந்த நாளிலிருந்து அங்கே இருந்தவர். அவரிடம் வேலை பழகிய பையன்கள் அவருக்கே அதிகாரிகளாக வந்து அமர்ந்தார்கள். வாசலில் காவலுக்கு நின்றவர்கள் எங்கள் தோட்டத்து ஆண்கள்.

இதையெல்லாம் யாரும் சட்டமாகப் போட்டு வைக்கவில்லை. துரை பங்களா மேட்டில், கணக்கெழுதும் கிராணியின் வீடு நடுவில், லயம் பள்ளத்தில் என்று பார்த்தே வளர்ந்த எனக்கு அது விசித்திரமாகவும் படவில்லை.

என் தம்பி மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன். லோரி வேலைக்குப் போய் முதல் மாதமே என்னைவிட அதிகம் வாங்கினான். அதில் அவனுக்கும் ஆச்சரியமில்லை, அம்மாவுக்கும் ஆச்சரியமில்லை.

கழுவும் அறைக்கு ஜன்னல் கிடையாது. தோம்பில், பெரிய பீப்பாயில், இருக்கும் கழுவு மருந்து இனிப்பாக மணக்கும். முதலில் அந்த மணம் பிடிக்கும். மத்தியானத்துக்குள் தலை கனத்து, பேசுகிறவர்களின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும். எங்களில் யாராவது மயங்கி விழுந்தால் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். அனுப்பினால் அன்றைக்குப் பாதிக் கூலிதான். லைனில், அதாவது உருப்பெருக்கி வரிசையில், இருந்த பெண்களுக்கும் அதே விதிதான்.

பக்கத்து இருக்கை

தொழிற்சாலை பஸ் தோட்டத்துக்குள் வராது. செம்மண் சாலையில் நடந்து கம்பத்துச் சந்திக்கு வரவேண்டும். அங்கேதான் ரொஹானாவும் ஏறுவாள். முதல் வாரமே எனக்குப் பக்கத்து இருக்கையைப் பிடித்து வைத்தாள். அவள் வீட்டு மரவள்ளிக் கிழங்குப் பலகாரமும் எங்கள் வீட்டுப் புளிச்சாதமும் அந்த பஸ்ஸில் கைமாறும். நாங்கள் மலாயில்தான் பேசுவோம். அவளுக்குத் தெரிந்த தமிழ் ‘வா’, ‘போ’, ‘சாப்பிட்டியா’ அவ்வளவுதான். அவளுடைய அப்பா எப்போதோ தோட்டத்தில் லோரி ஓட்டியவர்; அவரிடமிருந்து தொற்றியது.

அவள் சம்பளத்தில்தான் நான்கு தம்பி தங்கைகள் பள்ளிக்குப் போனார்கள். அந்தச் சமயத்தில் ஆள் குறைப்பு நடக்கப்போகிறது என்ற பேச்சு பஸ்ஸெங்கும் இருந்தது.

“எனக்குக் கம்பி ரெண்டா தெரியுது அஞ்சலை” என்றாள் ஒரு நாள். “மூணு தடவ கிளினிக் கேட்டுட்டேன். நல்லா தூங்கு, சரியாயிடும்கிறாங்க.”

அதற்கு முன்பே அவள் இரண்டு முறை அலறி விழுந்திருந்தாள். இரண்டு முறையும் மலாயில்தான் அழுதாள், அம்மாவைத்தான் கூப்பிட்டாள். மூன்றாவது முறை விழுகிறவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உன் நன்மைக்குத்தான் என்பார்கள்.

“இன்னொரு தடவ விழக்கூடாது” என்று பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொல்வாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

கூட்டாமல் குறைக்காமல்

அன்றைய பகலுக்கு வருகிறேன்.

பேய் ஓட்டுவதற்கென்றே தொழிற்சாலை ஒரு பொமோவை வைத்திருந்தது. மந்திரிக்கத் தெரிந்த வயதான மலாய்க்காரர். சற்று நேரத்தில் வந்துவிட்டார். ரொஹானாவின் எதிரே அவரும் தரையில் உட்கார்ந்தார். மலாயில் கேட்டார். அவள் தமிழில் பதில் சொன்னாள். அவர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார்.

“இவ என்ன பேசறா? யாருக்குத் தெரியும்?”

மிஸ் லிம் என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். அவருடைய கை ஜில்லென்று இருந்தது.

நான் ரொஹானாவை நோக்கிப் போவதற்குள் என்சிக் ஹாஷிம் என் காதருகே குனிந்தார். “காவுக்குச் சேவல் கேக்குதுன்னு சொல்லு. அதோட போதும். மேலேருந்து பாத்துக்கிட்டிருக்காங்க.”

மேல்மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் வெளிநாட்டுக்கார மேனேஜர் நின்றிருந்தார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்.

சேவல் என்று சொல்லிவிட்டால் எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் பொமோ என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாஷிம் சொன்னது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“கேட்டத சொல்லு மகளே” என்றார். “கூட்டாத, குறைக்காத. பொய் சொன்னா இது இந்தப் பொண்ண விட்டுப் போகாது.”

நான் ரொஹானாவுக்கு முன்னால் குந்தினேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்னைத் தெரிந்ததற்கான அடையாளமே இல்லை.

“நீங்க யாரும்மா?” என்று கேட்டேன். தோழியை எப்படி ‘நீங்க’ என்று கூப்பிட்டேன் என்று தெரியவில்லை. வாயில் தானாக அப்படித்தான் வந்தது.

“இந்த நெரக்காரி.”

“என்னம்மா வேணும்?”

“மரமெல்லாம் வெட்டிட்டேன். ஒரு மரம் பாக்கி இல்ல. பால எடுக்கத்தான் முடியல. அரைப் பேரு போட்டுறாதீங்க ஐயா.”

நகரத்தில் வளர்ந்த வாசகர்களுக்காக இதைச் சொல்லவேண்டும். ஒரு தொழிலாளிக்குப் பிரித்துக் கொடுக்கிற மர வரிசைதான் நிரை. எங்கள் வாயில் அது ‘நெர’. ஒரு நாள் கூலி முழுதாகக் கிடைத்தால் பேர் விழுந்தது என்போம். பாதிதான் கிடைத்தால் அரைப் பேர். அந்த வார்த்தை ரவாங் கடைத்தெருத் தமிழர்களுக்கே தெரியாது. ரொஹானாவுக்கு நான் ஒருபோதும் சொன்னதில்லை.

நான் மலாயில் திருப்பிச் சொன்னேன். “நான் வேலைய முடிச்சிட்டேன், பாதிக் கூலி போடாதீங்கன்னு கேக்குறாங்க.”

சுவரோரம் நின்ற பெண்களிடமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. பேச்சு அல்ல. எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதுபோல ஒரு சத்தம்.

“யாருகிட்ட கேக்குறா?” என்றார் பொமோ.

நான் தமிழில் கேட்பதற்கு முன்பே ரொஹானாவின் கை உயர்ந்தது. மேல்மாடிக் கண்ணாடியைக் காட்டியது.

“மேட்டுல நிக்கிறாரே, தொர. அவருகிட்டதான்.”

பொமோ தண்ணீரை ஓதித் தெளித்தார். ரொஹானா என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவளுடைய தலைத்துணி நனைந்து, அதிலும் அந்தப் புளித்த வாடை வீசியது.

மாலையில் ஹாஷிம் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

“யாரு சொல்லிக் குடுத்தது? யூனியன் ஆளுங்களா?”

“என்சிக், அவளுக்குத் தமிழ் தெரியாது.”

“அதத்தான் நானும் கேக்குறேன். யாரு சொல்லிக் குடுத்தது?”

எனக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். ரொஹானாவை வேலையிலிருந்து நிறுத்தி, பஸ் செலவுக்குக் காசு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அம்மாவின் பதில்

அன்றைக்கு அம்மா ஈரத்துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே துணியைப் பிழிந்தார். ‘பால எடுக்கத்தான் முடியல’ என்று நான் சொன்ன இடத்தில் கை நின்றது.

“எந்த எடத்துல கட்டியிருக்காங்க அந்த பேக்டரிய? பாலத்தத் தாண்டி, மேடு ஏறுற எடமா?”

“ஆமா.”

“அது பழைய தோட்டம். மரத்த அழிச்சிட்டு நெலத்த வித்தாங்க. நான் கல்யாணத்துக்கு முன்ன அங்கதான் மரம் வெட்டினேன்.”

அம்மா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

“காத்தாயின்னு ஒருத்தி. நெறமாசம். புருசன் முதுகு வலின்னு படுத்துட்டான், அவ வராம இருந்தா அடுப்பெரியாது. மரத்தையெல்லாம் வெட்டி முடிச்சிட்டா. பால் எடுக்குறதுக்குள்ள வலி வந்து, நெரையிலயே புள்ள பொறந்துச்சு. மரத்துல கட்டுன மங்குல பால் ரொம்பி வழிஞ்சு மண்ணுல போச்சு. பால் வரலன்னு, வேல வாங்குற மண்டோரு அரைப் பேரு போட்டான். அடுத்த வாரம் அவளும் போயிட்டா, புள்ளையும் போயிருச்சு.”

இன்னொன்றையும் சொன்னேன்.

“என் நெரய யாருக்குக் குடுத்தீங்கன்னு கேட்டாங்கம்மா.”

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“எனக்குத்தான் குடுத்தாங்க.”

விபூதி பூசவில்லை, நேர்ந்துகொள்ளவும் இல்லை. எழுந்து மிச்சத் துணிகளையும் உலர்த்தினார். காத்தாயியின் கதையை அவர் லயத்தில் வேறு யாரிடமும் சொன்னதில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

ஆற்றங்கரை வீடு

தொழிற்சாலையில் அடுத்து நடந்தது இதுதான். ரொஹானாவின் வரிசையில் உட்கார லைன் பெண்கள் மறுத்தார்கள். மிஸ் லிம் கெஞ்சிப் பார்த்தார். ஹாஷிம் மிரட்டிப் பார்த்தார். பெண்கள் குரல் உயர்த்தவில்லை. அங்கே ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் சொன்னார்கள்.

நிர்வாகம் பயந்தது. ஆடு வெட்டி, ஓதி, கெண்டூரி விருந்து வைத்தார்கள். லைன் பெண்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை விட்டார்கள். கிளினிக் போனால் இனிப் பாதிக் கூலி கிடையாது, முழுக் கூலிதான் என்றும் அறிவித்தார்கள்.

கழுவும் அறைக்கு விடுமுறையும் இல்லை, முழுக் கூலியும் இல்லை. எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டேன்.

“பேய் வந்தது லைனுக்கு” என்றார் ஹாஷிம். “உங்க அறைக்கு வரலையே.”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு அது நியாயமாகவே பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரொஹானாவைப் பார்க்கப் போனேன். கோலசிலாங்கூரில் ஆற்றங்கரையோரம் இருந்த அக்கா வீட்டுக்கு அவளை அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்குக் கீழே சேறு, மேலே காயப்போட்ட மீன். அவள் படியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. சொல்லச் சொன்னாள். சொன்னேன், காத்தாயியைப் பற்றியும், கழுவும் அறைக்கு முழுக் கூலி இல்லை என்று ஹாஷிம் சொன்னதையும். அவள் துருவுவதை நிறுத்திவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பயமா இல்லையா உனக்கு?” என்று கேட்டேன்.

“அந்த அம்மா என்ன ஒண்ணும் செய்யல. அவங்க வந்தப்ப குளிரே தெரியல. அது மட்டும் ஞாபகம் இருக்கு.”

ஆற்றில் ஒரு படகு போகும் சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். படகைப் பார்க்கவில்லை, சத்தத்தைப் பார்த்தாள்.

“கேக்கப் போறதா இருந்தா தனியா போகாத அஞ்சலை. நான் மூணு தடவயும் தனியாத்தான் போனேன், அதான் தூங்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.”

நாற்காலி

மறுநாள் காலை இடைவேளையில் கழுவும் அறைப் பெண்கள் மூவர் என்னோடு வந்தார்கள். செல்லம்மா, கன்னியம்மா, இன்னும் பதினெட்டு முடியாத தேவி. மூவருமே தோட்டத்துப் பிள்ளைகள். வேலை போனால் தோட்டத்தில் வெளிக்காட்டுக்குப் புல்வெட்டத்தான் போகவேண்டும். அதுவும் கிடைக்குமா என்று தெரியாது.

ஹாஷிமின் அறை சிறியது. நாங்கள் கதவருகே நின்றோம். நான் பேசினேன். மயங்கினால் எங்களுக்கும் முழுக் கூலி வேண்டும், அறைக்கு ஒரு காற்றாடியும் முகத்துக்குத் துணியும் வேண்டும் என்றேன்.

அவர் பேனாவை மேசையில் வைத்தார். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார், எனக்கு நன்றாகத் தெரியும். அப்போது அவர் பார்வை என்னைத் தாண்டிப் போனது. பேச வந்ததை விழுங்கிவிட்டார். எழுந்து நின்றார். ஹாஷிம் கெட்ட மனிதர் அல்ல; மேல்மாடிக்குப் பயந்தவர், கம்பத்து மரியாதை மறக்காதவர்.

“அந்த அக்கா ஏன் நிக்கிறாங்க?” என்றார். “வயித்துப் புள்ளக்காரி. உக்காரச் சொல்லுங்க.”

தன்னுடைய நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து எங்களுக்குப் பின்னால் போட்டார். பக்கத்தில் நின்ற தேவியின் மூச்சு எனக்குக் கேட்டது. எங்களில் யாரும் கர்ப்பிணி இல்லை. காத்தாயியைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை, ரொஹானாவைத் தவிர.

நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“மேல பேசிட்டுச் சொல்றேன்” என்றார் ஹாஷிம். நாங்கள் வெளியே வந்தபோது அவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

அந்த மாதக் கடைசிக்குள் கழுவும் அறைச் சுவரை உடைத்துக் காற்றாடி பொருத்தினார்கள். முகத்துணி வந்தது. மயங்கினால் பாதிக் கூலி என்ற விதி எங்களுக்கும் போனது. என்ன கண்டார் என்று ஹாஷிமிடம் நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு என் எதிரில் வந்தால் ஒதுங்கி வழி விடுவார்.

மற்றபடி எதுவும் மாறவில்லை. லைனில் மலாய்ப் பெண்கள், கழுவும் அறையில் நாங்கள், மேல்மாடியில் ஆண்கள். நான் அங்கே இன்னும் இரண்டு வருடம் இருந்தேன்.

ரொஹானாவைக் கடைசியாகப் பார்த்தது கோலசிலாங்கூர் பஸ் நிலையத்தில். நல்ல வெயில். கையில் குழந்தை. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் குரலை வைத்து அடையாளம் கண்டு சிரித்தாள். தஞ்சோங் காராங் பஸ் எது என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். எதிரேதான் நின்றிருந்தது. எழுத்து பெரிதாகவே இருந்தது.

கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்தபோது, நான் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, யாருமில்லாத பக்கம் பார்த்துக் கையசைத்தாள்.